மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகும்? களப் பரிசோதனை குறித்துக் கேள்வி பதில்

அணை, சுரங்கப்பாதை, அடித்தளத் தோண்டல் ஆகியவற்றுக்கான நில ஆய்வு என் தொழில். நீர் ஊடுருவுதிறனைக் களத்தில் அளப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சிவில் இறுதியாண்டு மாணவி, திருநெல்வேலி: மண் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா ஐயா? களத்தில் ஏன் இவ்வளவு பாடு?

கொட்டி இறுக்கிக் கட்டும் மண்கரைக்கு ஆய்வகம் போதும். இயற்கையாகக் கிடக்கும் நிலத்துக்குப் போதாது. மணல் மாதிரி எடுக்கும்போதே குலைந்துவிடும். களிமண் குலையாமல் வரும். ஆனால் அதனூடே விரல் தடிமனில் ஒரு மணல் படலம் ஓடினால் தண்ணீர் முழுவதும் அதன் வழியே போய்விடும்; உங்கள் 10 செ.மீ. குழாயில் அந்தப் படலம் சிக்காமலே போகலாம். பாறையில் நிலைமை இன்னும் மோசம். பரங்கிமலைப் பக்கத்து சார்னோகைட் என்ற பாறையின் துண்டு ஒன்றின் வழியே தண்ணீர் போகாது என்றே சொல்லலாம். அதே பாறை நிலத்தில் விரிசல் விட்டுக் கிடந்தால் அந்த விரிசல்களில் தாராளமாக ஓடும். துண்டைச் சோதிப்பதால் விரிசலைப் பற்றி எதுவும் தெரியாது.

இன்னொன்று, ஊடுருவுதிறனின் வீச்சு. நீர்ச்சரிவு (ஒரு மீட்டர் தூரம் ஓடுவதற்குள் நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்குகிறது என்பது) 1 என்று வைத்துக்கொண்டால் சுத்தமான சரளையில் தண்ணீர் வினாடிக்கு 1 செ.மீ.க்கு மேல் போகும். கொழுத்த களிமண்ணில் ஆண்டுக்கே சில செ.மீ.தான். கட்டுமானத்தில் நாம் பயன்படுத்தும் வேறெந்த மண் பண்பும் இத்தனை கோடி மடங்கு மாறுவதில்லை.

தளப் பொறியாளர், கடலூர்: கேசிங் குழாயில் (துளை சரியாமல் தாங்கும் குழாய்) தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்குவதை அளந்தோம். ஒரே ஆழத்தில் இரண்டு போர்; ஒன்றின் விடை மற்றதைப்போல் நூறில் ஒரு பங்குதான். சராசரி எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். முதலில் இரண்டையும் எப்படித் துளைத்தார்கள் என்று விசாரியுங்கள். குறைந்த விடை தந்த போரில் பெண்டோனைட் (தண்ணீரில் ஊதும் களிமண்) கலந்து துளைத்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: நீங்கள் அளந்தது துளையின் சுவரில் அப்பியிருக்கும் பெண்டோனைட்டை. சோதனை செய்யவிருக்கும் போரைத் தெளிந்த தண்ணீரில்தான் துளைக்க வேண்டும். அடியில் தங்கிய சகதியை வெளியேற்றி, மேலே வரும் தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். ஊற்றும் தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். டேங்கர் லாரியில் வந்த கலங்கல் தண்ணீரை அப்படியே ஊற்றினால், காபி ஃபில்டரின் துளைகளைப் பொடி அடைத்து டிகாக்ஷன் இறங்காமல் நிற்பதுபோல, துளையின் அடி அடைத்துக்கொள்ளும்.

அதிக விடை தந்த போரையும் நம்பிவிட வேண்டாம். கேசிங்கின் வெளிப்புறமாகத் தண்ணீர் மேலே ஏறிக் கசிந்தாலும் மட்டம் வேகமாக இறங்கும். தரைமட்டத்தில் குழாயைச் சுற்றி ஈரம் கண்டதா என்று ஆட்களைக் கேளுங்கள்.

நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் நான் இருவழியும் பார்ப்பேன். தண்ணீர் ஊற்றி இறங்குவதை ஒருமுறை, இறைத்துவிட்டு ஏறுவதை மறுமுறை. ஊற்றும்போது அடி அடைபடப் பார்க்கும்; இறைக்கும்போது மணல் உள்ளே தளர்ந்து வரப் பார்க்கும். இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். கணக்குக்கு வோர்ஸ்லெவ் என்ற பொறியாளர் 1951-ல் வெளியிட்ட முறை வசதியானது: நிலைத்த மட்டத்துக்கு மேல் ஊற்றிய உயரம் 37 சதவீதமாகக் குறைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதே அதற்கு வேண்டிய முக்கிய அளவு. மணலும் சரளையுமாக இருந்தால் மட்டம் கண் எதிரிலேயே ஓடிவிடும். அங்கே மட்டத்தை நிலையாக வைத்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விட வேண்டியிருக்கிறது என்று அளப்பதுதான் சரி.

இளநிலைப் பொறியாளர், தேனி: லூஜியான் (பாறைத் துளையில் தண்ணீரை அழுத்திச் செலுத்தும் சோதனையின் அலகு) கணக்கில் எந்த அழுத்தத்தைப் போடுவது? ஒப்பந்ததாரர் தந்த தாளில் விடை 10 லூஜியான் என்று இருக்கிறது. எனக்கு 6 வருகிறது.

உங்கள் 6 சரி. நீங்கள் அனுப்பிய அளவுகளை மற்றவர்களுக்காகவும் விளக்குகிறேன். துளையில் 27 முதல் 30 மீட்டர் வரையுள்ள 3 மீட்டர் பகுதியை ரப்பர் பேக்கரால் அடைத்து, 10 நிமிடம் தண்ணீர் செலுத்தியதில் 90 லிட்டர் உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் மீட்டருக்கு நிமிடத்துக்கு 3 லிட்டர். ஒரு லூஜியான் என்பது 10 பார் அழுத்தத்தில் மீட்டருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர். ஆகவே 10 பாருக்கு மாற்ற வேண்டும். மேலே கேஜ் காட்டியது 3 பார். ஒப்பந்ததாரர் அதையே போட்டார், 10 வந்தது. ஆனால் நீர்மட்டம் கேஜுக்கு 20 மீட்டர் கீழே இருக்கிறது. குழாயில் நிற்கும் அந்த 20 மீட்டர் தண்ணீர் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 பார் தருகிறது. மொத்தம் 5 பார், விடை 6. தண்ணீர் வேகமாகப் போகும்போது குழாயில் உராய்வால் இழக்கும் அழுத்தத்தையும் கழிக்க வேண்டும். உங்கள் அளவில் அது சொற்பம்.

ஒரு எச்சரிக்கை. 10 பார் என்று வரையறையில் இருக்கிறதே என்று மேலோட்டமான பாறையில் 10 பார் கொடுத்துவிடாதீர்கள். பாறையே பிளந்து தூக்கிக்கொள்ளும். ஆழத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.23 பாரைத் தாண்டாமல் இருப்பது பழைய, பத்திரமான வழக்கம்.

அதே பொறியாளர்: ஒரே பகுதியில் அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஐந்து தடவை செய்யச் சொல்கிறார்கள். நேர விரயம் இல்லையா?

இல்லவே இல்லை. என் கணக்கில் முழுச் சோதனையின் மதிப்பும் அந்த ஐந்து எண்களில்தான் இருக்கிறது. குறைவு, நடுத்தரம், உச்சம், மறுபடி நடுத்தரம், குறைவு என்ற வரிசையை எப்படிப் படிப்பது என்று ஹவுல்ஸ்பி என்ற பொறியாளர் 1976-ல் எழுதினார். ஐந்திலும் லூஜியான் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் ஓட்டம் சீரானது, சராசரி எடுக்கலாம். 5, 6, 15, 6, 5 என்று வந்தால் உச்ச அழுத்தத்தில் விரிசல் வாய் திறந்து மீண்டும் மூடிக்கொண்டது. 15 நீங்கள் உண்டாக்கிய எண், குறைந்ததையே எழுதுங்கள். 4, 5, 7, 11, 14 என்று ஏறிக்கொண்டே போனால் விரிசலில் அடைந்திருந்த மண் அரித்துக்கொண்டு போகிறது. இதற்குத்தான் நான் பயப்படுவேன். அணைக்குப் பின்னால் நீர் நிற்கும்போதும் அதேதான் நடக்கும். கடைசி எண்ணையே எடுங்கள். சராசரியை மட்டும் அறிக்கையில் எழுதுகிறவர் அந்தச் சேதியை அழித்துவிடுகிறார்.

ஆலோசனை நிறுவன ஊழியர், கோவை: 3 லூஜியானுக்குக் கீழே இருந்தால் சிமென்ட் க்ரவுட்டிங் (விரிசல்களுக்குள் சிமென்ட் குழம்பைச் செலுத்தி அடைப்பது) வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. மேலே என்ன கட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கான்கிரீட் அணைக்கு அடியில் கொஞ்சம் கசிவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. எளிதில் அரிபடும் வண்டல் மண்ணால் ஆன உட்கரு (மண் அணையில் நீரைத் தடுக்கும் நடுப்பகுதி) நேரடியாக விரிசல் பாறைமேல் உட்கார்ந்தால், ஒரே ஒரு திறந்த விரிசல் போதும். அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று, முதல்முறை நீர் நிரம்பும்போதே உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். காற்று கொண்டுவந்து படிந்த நுண்மண்ணால் ஆன கரு, விரிசல் மலிந்த ரையோலைட் பாறையில் வெட்டிய அகழிக்குள் இருந்தது. பாறையின் திறந்த விரிசல்களிலிருந்து அந்த மண்ணுக்குப் போதிய காப்பு இல்லை. அங்கே பாறைக்குள் க்ரவுட் செலுத்தி உண்டாக்கிய தடுப்புத் திரையும் இருக்கத்தான் செய்தது.

அடுக்குமாடிக் கட்டுநர், திருவான்மியூர்: இரண்டு தளம் கீழே தோண்டுகிறோம். எத்தனை மோட்டார் வேண்டும் என்று போர் சோதனையை வைத்துச் சொல்ல முடியுமா?

அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். போரில் தண்ணீர் ஊற்றும் சோதனை துளையைச் சுற்றியுள்ள சிறிது மண்ணைத்தான் பார்க்கிறது. உங்களுக்குத் தேவை இறைப்புச் சோதனை: ஒரு கிணற்றில் சீராக இறைத்துக்கொண்டே, வெவ்வேறு தூரங்களில் குறைந்தது இரண்டு கண்காணிப்புக் குழாய்களில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. கடற்கரை மணலில் ஓதத்தோடு நீர்மட்டமும் ஏறி இறங்கும். இறைக்கும் முன்பே ஓரிரு நாள் மட்டத்தைக் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் கடலின் ஏற்ற இறக்கத்தை மோட்டாரின் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். இறைத்த தண்ணீரைத் தூரத்தில் விடுங்கள். பக்கத்தில் விட்டால் மணல் வழியே திரும்பி வந்துவிடும். அண்டை வீட்டுச் சுவர்களில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் படம் எடுத்துவைப்பது உங்களுக்கும் அவர்களுக்கும் நல்லது.

வீடு கட்டுபவர், தாம்பரம்: உறிஞ்சுகுழிக்கும் இதெல்லாம் தேவையா?

இவ்வளவு வேண்டாம். குழியை இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர் 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் உறிஞ்சுகுழி சரிப்படாது. ஊறவிடாமல் அளந்தால் காய்ந்த மண் ஆசையாகக் குடிக்கும்; ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழியும்.

தளப் பொறியாளர், நீலகிரி: எங்கள் பேக்கர் சோதனையில் எல்லாப் போரும் இறுக்கமாகவே வருகிறது. ஆனால் பள்ளத்தாக்கில் ஊற்று இருக்கிறது.

எல்லாப் போரும் செங்குத்தாகத்தானே துளைத்தீர்கள்? செங்குத்தான விரிசல்களைச் செங்குத்தான துளை அனேகமாகத் தொடாது. ஊற்று இருக்கும் பக்கம், பாறை முகப்பில் விரிசல்களின் திசையை அளந்து, அவற்றைக் குறுக்கே வெட்டும்படி ஒரு சாய்வுத் துளை கேளுங்கள். கூலி கூடும், ஒப்பந்ததாரர் முனகுவார்; விட்டுக்கொடுக்காதீர்கள்.