திருவொற்றியூர் வீட்டில் செய்யும் மணி நகை ஏன் அறுந்துபோகிறது, கொக்கி ஏன் பச்சை பூக்கிறது? எதை மாற்ற வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: கிரிஸ்டல் மணியைத் தங்கூசியில் (மீன்பிடி நைலான் நரம்பு) கோர்த்து இரண்டு மாலை, எலாஸ்டிக்கில் ஒரு பிரேஸ்லெட் செய்தீர்கள். இரண்டு மாதத்துக்குள் ஒரு மாலை அறுந்தது, இன்னொன்றில் கொக்கி கழன்றது, பிரேஸ்லெட் முடிச்சு அவிழ்ந்தது. கொக்கியில் பச்சை பூத்திருக்கிறது. வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. மணி மட்டமா, இல்லை கை பழகவில்லையா என்று கேட்கிறீர்கள்.

மணி மேல் பழி இல்லை. மணி நகை மணியில் அறாது. உள்ளே ஓடுகிற இழையிலும் இரண்டு முனையிலும்தான் அறும். கடையில் எல்லாரும் முக்கால்வாசிக் காசை மணிக்குக் கொடுத்துவிட்டு, கொக்கியையும் வளையத்தையும் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக்கொண்டு வருகிறோம். அதைத் தலைகீழாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதலில் தங்கூசி. காசிமேட்டுப் பக்கம் சுருள் சுருளாகக் கிடைக்கிறது, மீனைத் தாங்குகிறது, மணியைத் தாங்காதா என்றுதான் தோன்றும். மீன் இழுப்பது வேறு, கிரிஸ்டல் அறுப்பது வேறு. முகம் வெட்டிய கண்ணாடி மணியின் துளை விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கழுத்து அசைய அசைய அந்த விளிம்பு ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இருமினால் அறும். போதாததற்குத் தங்கூசி வழவழப்பானது, முடிச்சு நிற்காது. சுருளில் கிடந்த வளைவையும் மறக்காது, அதனால் மாலை கழுத்தில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். சீட் பீட்ஸ் எனும் பொடி மணிப் பின்னலுக்கு மட்டும் 0.25 மி.மீ. தங்கூசி ஓரளவு சரி. அதற்கும் மீன்பிடிக் கடையில் கிடைக்கும் பின்னல் இழை, அதாவது பல நூல் சேர்த்து முறுக்காமல் பின்னிய வகை, பல மடங்கு மேல்.

கிரிஸ்டலுக்குக் கியர் வயர் வாங்குங்கள். மெல்லிய ஸ்டீல் இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசியது. 7 இழை, 19 இழை, 49 இழை என்று வரும். இழை கூடக்கூட துணி மாதிரி வளையும். நம்ம பக்கம் கடைகளில் பெரும்பாலும் 7 இழைதான். அது போதும், ஆனால் ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான். மடிந்த இடத்தை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள், வெட்டிவிடுங்கள். 0.38 மி.மீ. தடிமன் பொதுவாக எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்.

இனி முனை. அந்தக் கம்பியை முடிச்சுப் போட முடியாது. கடையில் கியர் லாக் என்று கேட்டால் சின்னக் குழல் மாதிரி ஒன்று தருவார்கள். 0.38 கம்பிக்கு 2 மி.மீ. லாக். கம்பியை லாக்கில் நுழைத்து, வளையத்தில் விட்டு, அதே லாக்கில் திரும்ப எடுங்கள். இப்போது அவசரப்படாமல் லாக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு கம்பியும் தண்டவாளம் மாதிரி பக்கத்துப் பக்கம் போக வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே ஏறியிருந்தால், அழுத்தும்போது மேல் கம்பி கீழ்க் கம்பியின் நைலானைக் கிழித்து இழைகளை நசுக்கும். அன்றைக்கே அறாது. கொஞ்ச நாள் போட்ட பிறகு, கல்யாண வீட்டில் அறும்.

லாக்கை அழுத்துவதற்கென்றே வரும் கிரிம்பிங் பிளையரில் இரண்டு பள்ளம் இருக்கும். கைப்பிடி பக்கம் இருக்கும் பல்லுள்ள பள்ளத்தில் முதலில் அழுத்தினால் லாக்கின் நடுவில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி. பிறகு லாக்கைக் கால் சுற்றுத் திருப்பி, நுனிப் பக்க வட்டப் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் அது புத்தகம் மாதிரி மடங்கி உருண்டையாகும். இந்தப் பிளையர் இல்லையென்றால் தட்டை மூக்குப் பிளையரால் ஒரே அழுத்தில் தட்டையாக்கலாம். பிடிப்பு நன்றாகவே இருக்கும், ஓரம் மட்டும் கழுத்தில் கீறும். மறுபடி மறுபடி அழுத்தினால் லாக் விரிசல் விடும். ஒரு அழுத்து, ஒரு இழுத்துப் பார்ப்பு, அவ்வளவுதான்.

மிச்சக் கம்பியை லாக் ஒட்டி வெட்டாதீர்கள். ஒரு இஞ்ச் விட்டு, அடுத்த மூன்று நான்கு மணிக்குள் திரும்ப நுழைத்து, மணியின் வாயில் வெட்டுங்கள். இரண்டாவது முனையை அடைக்கும்போது மாலையை மேசையில் நேராக நீட்டி இறுக்குவது எல்லாரும் செய்யும் தவறு. கழுத்தில் மாலை வளையும், மணிகளின் உள்பக்கம் ஒன்றோடொன்று முட்டும், அதற்குக் கூடுதல் கம்பி வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த இழுப்பு முழுவதும் லாக்கில் விழும். மாலையை வட்டமாக வளைத்துப் பிடித்து, 2 மி.மீ. இடைவெளி விட்டு அடைக்கவும்.

உங்கள் இரண்டாவது மாலையில் கழன்றது அநேகமாகக் கொக்கி இல்லை, அதை மாட்டிய ஜம்ப் ரிங், அதாவது வாய் திறந்து மூடும் சின்னக் கம்பி வளையம். வளையத்தின் வாயை இரண்டு பக்கமும் இழுத்து விரித்திருப்பீர்கள். அப்படி விரித்த வளையம் பழைய வட்டத்துக்குத் திரும்பவே திரும்பாது. இரண்டு பிளையர் எடுத்து, வாய்க்கு இரு பக்கமும் பிடித்து, ஒன்றை உங்களை நோக்கியும் மற்றதை எதிர்ப்பக்கமும் தள்ளித் திறங்கள், கதவு திறக்கிற மாதிரி. மூடும்போது எதிர்ப்பக்கம் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்ப வாருங்கள். அப்போதுதான் இரண்டு நுனியும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். நகத்தால் தடவினால் வாய் இருப்பதே தெரியக் கூடாது. தெரிந்தால் கியர் வயர் அதன் வழியே நழுவிவிடும். கொக்கிக்கு 5 மி.மீ. வளையம், 20 கேஜ் கம்பியில் செய்தது வேண்டும். அதைவிட மெல்லிய 24 கேஜ் வளையம் பாக்கெட்டில் அழகாக இருக்கும், கையால் இழுத்தாலே வாயைத் திறக்கும்.

பச்சைக்கும் பிளையருக்கும் தொடர்பு உண்டு. சாதாரணக் கொக்கி பித்தளை, மேலே மெல்லிய பூச்சு. பித்தளையில் செம்பு இருக்கிறது. கடல் காற்றின் உப்பும் ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் செம்பு பச்சையாகும். பூச்சு முழுசாக இருக்கும்வரை அது தாங்கும். உங்கள் கொக்கியை லென்ஸ் வைத்துப் பாருங்கள், பச்சை பெரும்பாலும் பிளையர் பல் பதிந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும். எலெக்ட்ரீஷியன் பிளையரில் இருக்கும் வரிப்பல் நகைக்கு ஆகாது. வழவழப்பான மூக்குள்ள பிளையர் வாங்குங்கள், அல்லது இப்போதிருப்பதற்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரம் இருப்பவர்கள் கொக்கி, வளையம், காது ஹூக் மூன்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிவிடுவது நல்லது. 304 ரகம் போதும், 316 உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். தங்க நிறமே வேண்டுமென்றால் ஸ்டீல் மேல் பூசியதைக் கேளுங்கள். செய்து முடித்ததை ஜிப் கவரில் காற்றை வெளியேற்றிப் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போடுங்கள். வெள்ளி ஹூக் வைத்திருந்தால் அதே பெட்டியில் ரப்பர் பேண்ட் வேண்டாம். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

பிரேஸ்லெட்டில் இரண்டு தவறு இருக்கும்: நூலை முன்னாடியே இழுத்துவிடாதது, முடிச்சில் ஃபெவிக்விக். எலாஸ்டிக் நூலை (0.7 அல்லது 0.8 மி.மீ.) கோர்ப்பதற்கு முன் பத்துப் பதினைந்து தடவை நன்றாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போட்ட பிறகு தானாகத் தளர்ந்து மணிக்கு நடுவே நூல் எட்டிப்பார்க்கும். முடிச்சின் முதல் சுற்றில் நூலை ஒரு தடவைக்கு இரண்டு தடவை உள்ளே விட்டு இறுக்கி, மேலே எதிர்த்திசையில் ஒரு முடிச்சு. ஃபெவிக்விக் காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைக்கும், அந்த இடத்தில் எலாஸ்டிக் நீளாமல் ஒடியும். அதன் ஆவி பக்கத்து மணியில் வெள்ளை மாசாகவும் படியும். பி-7000 மாதிரி ரப்பராகக் காயும் பசையை ஊசி முனையில் தொட்டு வைத்து, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிறகு முடிச்சைப் பெரிய துளையுள்ள மணிக்குள் இழுத்து மறைத்துவிடலாம்.

அளவு பிசகுவது ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. மணிக்கட்டு 6 இஞ்ச் என்றால் 6 இஞ்ச் கோர்த்தால் இறுகும். தோலைத் தொடுவது மணியின் உள்பக்கம், நூல் ஓடுவதோ மணியின் நடுவில். மணியின் குறுக்களவை 3.14-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 8 மி.மீ. மணிக்கு 25 மி.மீ., அதாவது ஒரு இஞ்ச் கூடும்; 4 மி.மீ. மணிக்கு அரை இஞ்ச். 6 இஞ்ச் மணிக்கட்டு 152 மி.மீ., கூட 25, மொத்தம் 177, 8 மி.மீ. உருண்டை மணி 22 வேண்டும்.

உருண்டைக்கு இந்தக் கணக்கு சரி. கிரிஸ்டலில் நாம் அதிகம் வாங்கும் ராண்டல் தட்டையானது. 6 மி.மீ. ராண்டல் துளை வழியாக அளந்தால் சுமார் 5 மி.மீ.தான் இருக்கும். 16 இஞ்ச் மாலையில் கொக்கிக்கும் வளையத்துக்கும் ஒரு இஞ்ச் போக மிச்சம் 381 மி.மீ., ஆக 76 மணி. ஆறால் வகுத்து 64 வாங்கினால் பின்கழுத்தில் மணி பத்தாது. இந்த மாலைக்குக் கம்பி 22 இஞ்ச் வெட்டிக்கொள்ளுங்கள். லாக் 2 போதும், கைவசம் 6 இருக்கட்டும். 12 மி.மீ. லாப்ஸ்டர் கொக்கி ஒன்று, வளையம் 2, பின்னால் 2 இஞ்ச் சங்கிலி.

சீட் பீட்ஸ் எண் ஏறினால் மணி சிறுக்கும்: 6/0 சுமார் 4 மி.மீ., 8/0 சுமார் 3, 11/0 சுமார் 2, 15/0 ஒன்றரை. 11/0-க்கு 10 நம்பர் ஊசி, 15/0-க்கு 12. ஜப்பான் கம்பெனிகளான மியூக்கி, டோஹோவின் மணி ஒரே அளவாக வரும். பாக்கெட்டில் பெயரில்லாமல் வரும் சீட் பீட்ஸில் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. தட்டையான பின்னலுக்கு அது சரிப்படாது, அலை அலையாக வரும். சரமாகக் கோர்ப்பதற்கு அந்த ஏற்ற இறக்கம்தான் அழகு என்பது என் கட்சி. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடியைக் குழாயாக இழுத்து வெட்டுகிற பழைய முறை மணியும் இப்படித்தான் இருக்கும். அரிக்கமேட்டில் கிடைத்த பழங்காலக் கண்ணாடி மணிகளில் பலவும் இப்படி இழுத்து வெட்டியவைதான்.

வாங்க உங்களுக்கு மெட்ரோதான் வசதி. உயர்நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் பூக்கடைப் பக்கம் நடந்தால் தேவராஜ முதலி தெரு, நாராயண முதலி தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும். மொத்தக் கடையில் சரமாகவும் பாக்கெட்டாகவும் எடைக்கும்தான் தருவார்கள், பத்து மணி கொடு என்று நிற்க முடியாது. எம்.சி. ரோட்டில் எடுத்த புடவைக்கு மணி பார்க்கப் போனால் பிளவுஸ் துணியில் ஒரு துண்டு கொண்டு போய், கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உலோக நிறமும் அடர் ரோஸும் ஊதாவும் பெரும்பாலும் மேல்பூச்சு. ஒரு மணியை நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு நிறமானால் வியர்வைக்கும் அது போகும். முத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், நல்ல கண்ணாடி முத்தின் பூச்சும் உரியும்.

அறுந்த மாலையின் மணிகளை எறியாதீர்கள். ஷாம்பூ கலந்த வெந்நீரில் அலசி, பழைய டர்க்கி டவலைத் தட்டில் விரித்து, ஃபேனை நிறுத்திவிட்டுக் காயவைத்தால் உருண்டோடாது. துளையில் பழைய பசை அடைத்திருந்தால், பூச்சில்லாத கண்ணாடி மணியை மட்டும் அதே ரிமூவரில் ஊறப்போட்டு ஊசியால் குத்தி எடுங்கள். துளை விளிம்பு சில்லு உடைந்த மணி நாலைந்து தேறும். அவற்றை மட்டும் தனியாக ஒதுக்கிவிடுங்கள், கியர் வயரின் நைலானையும் அவை கிழிக்கும்.