ஆய்வு நூல்கள்: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

மதுரை வாசகர் வட்டத்தில் இம்முறை வரலாறு, அரசியல், வெளியுறவு சார்ந்த ஆய்வு நூல்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். மூட்டையாக வந்து சேர்ந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன். பாடம் நடத்தும் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நாயக்கர் காலம் பற்றி ஒரே ஒரு நூல் படிக்கத்தான் நேரம் இருக்கிறது. எதை எடுப்பது? (திருமங்கலம் வாசகர்)

சத்தியநாத அய்யர் ஆங்கிலத்தில் எழுதி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாறு. நடை கரடுமுரடுதான். ஆனால் முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள், பின்னிணைப்புக்குப் போங்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார்கள் தங்கள் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் அங்கே மொழிபெயர்ப்பில் இருக்கின்றன. போர், பஞ்சம், பாளையக்காரர் தகராறு எல்லாம் கண்முன் நடப்பதுபோல வரும். எழுதியவர்களுக்கு மதம் பரப்பும் கவலை. தாங்கள் படும் பாட்டை மேலிடத்துக்கு உணர்த்த வேண்டிய தேவையும் இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். திருமலை நாயக்கர் இராமநாதபுரம் சேதுபதியோடு நடத்திய போரை இராமப்பய்யன் அம்மானை என்ற கதைப்பாடல் பாடுகிறது. பாதிரியார் எதைக் கவனிக்கிறார், அம்மானைப் புலவர் எதைக் கவனிக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நாள் போவது தெரியாது.

இன்னும் நேரம் கிடைத்தால், நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் சேர்ந்து 1992இல் வெளியிட்ட நாயக்கர் கால நூல். தெலுங்கு, தமிழ் இலக்கியங்களையே அரசியல் ஆவணமாக எடுத்துக்கொண்டு, போகம் துய்ப்பதே அரசனின் இலக்கணமாக மாறியது என்று வாதிடுகிறார்கள். எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் படித்த பிறகு திருமலை நாயக்கர் மகாலை முன்புபோலப் பார்க்க முடியவில்லை. நெல்சனின் 1868 மதுரைக் கையேடு அரசாங்க நிர்வாகத்துக்காகத் தொகுக்கப்பட்டது. தகவல் கொட்டிக்கிடக்கும், சாதிகளைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் அப்படியே மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

சார், சோழர் அரசு பற்றி நீலகண்ட சாஸ்திரி ஒன்று சொல்கிறார், பர்ட்டன் ஸ்டைன் வேறொன்று சொல்கிறார். தேர்வில் யாரை எழுதுவது? (மேலூர், முதுகலை மாணவி)

இருவரையும் எழுதுங்கள், அம்மா. சாஸ்திரிக்கு அது வலுவான பேரரசு. 1980இல் ஸ்டைன், அரசனுக்குச் சடங்கு நிலைத் தலைமைதான், உண்மையான அதிகாரம் 'நாடு' எனப்பட்ட வட்டார அமைப்புகளிடம் இருந்தது என்றார். இந்தச் சண்டையில் பலர் மறந்துவிடுவது நொபொரு கராஷிமாவையும் எ. சுப்பராயலுவையும். இருவரும் கல்வெட்டுகளில் வரும் பெயர்கள், பட்டங்கள், நில விவரங்கள், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றை வரி வரியாகத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். படிக்கச் சுவை குறைவு, நம்பகம் அதிகம். ஸ்டைன் கேட்ட கேள்வி பெரியது, காட்டிய சான்று அதற்குப் போதவில்லை என்பது என் கட்சி.

நம் மீனாட்சி கோயிலைப் பற்றி வெளிநாட்டவர் எழுதியதை எதற்குப் படிக்க வேண்டும்? (தெற்கு மாசி வீதி)

கோபம் புரிகிறது. ஆனால் கிறிஸ்டோபர் ஃபுல்லர் 1984இல் எழுதியது ஸ்தல புராணம் இல்லை. கோயில் அர்ச்சகர்களான பட்டர்களின் பிழைப்பு, உரிமை, வருமானம் பற்றியது. 1939 ஆலயப் பிரவேசத்துக்கும் கோயில் நிர்வாகச் சீர்திருத்தங்களுக்கும் பிறகு அவர்கள் நிலை எப்படித் தாழ்ந்தது என்று அதில் சொன்னார். அவரே 2003இல் இன்னொரு நூல் எழுதினார். அதில் ஆகமப் படிப்பும் பொருளாதார வளர்ச்சியும் சேர்ந்து பட்டர்களை மீண்டும் நிமிர வைத்திருந்தன. தன் பழைய சித்திரம் மாறிவிட்டது என்று திரும்பி வந்து எழுதிய ஆளை எனக்குப் பிடிக்கும்.

தமிழில் இப்படிப்பட்ட ஆய்வே இல்லையா? (உசிலம்பட்டி)

இல்லாமல் என்ன? தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. முனைவர் பட்ட ஆய்வேடு அது. கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோருக்கு அழகரோடு உள்ள உறவை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். சித்திரைத் திருவிழாவில் வேடமிட்டு வருபவர்களை அந்த நூலுக்கு முன் எந்த ஆய்வாளர் இவ்வளவு பொருட்படுத்தினார்?

கச்சத்தீவு பற்றி எந்த நூலை நம்புவது? மேடைக்கு மேடை ஒரு கதை. (இராமநாதபுரம் சாலை)

நூலுக்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள், சில பக்கம்தான். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வர இடம் தருகிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் வழக்கமாக அனுபவித்த உரிமைகளைப் பேசுகிறது. மீன்பிடிப்பைத் தெளிவாகத் தடுத்தது 1976இல் இரு நாட்டுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதம். மேடையில் 1974 மட்டும்தான் அடிபடும். 1976 காணாமல் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு வி. சூரியநாராயணின் 1994 நூலுக்குப் போங்கள்.

சர்வதேச உறவுக் கோட்பாடு என்றாலே தூக்கம் வருகிறது, அண்ணா. (பசுமலை)

கென்னத் வால்ட்ஸின் 1979 கோட்பாட்டு நூலில் தொடங்கியிருப்பாய், தம்பி. ஈ.எச். காரின் 'இருபதாண்டு நெருக்கடி'யில் தொடங்கு. 1939இல், உலகப்போர் வெடித்த நேரத்தில் வந்த நூல். எழுத்தில் அந்தச் சூடு இருக்கும். வாங்கும்போது பதிப்பைப் பார். முதல் பதிப்பில், ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் உடன்பாட்டுக்கு ஆதரவாக எழுதிய பகுதிகளை 1946 பதிப்பில் கார் நீக்கிவிட்டார். கோட்பாட்டு நூலுக்கும் காலநேரம் உண்டு என்பது அங்கே பிடிபடும்.

மருதநாயகம்? (சம்மட்டிபுரம்)

எஸ்.சி. ஹில், 1914. கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களை வைத்து எழுதியது. தலைப்பிலேயே மருதநாயகம் எனப்படும் யூசுப் கானைக் கலகக்காரத் தளபதி ஆக்கிவிட்டார். 1764இல் அவரைத் தூக்கிலிட்டவர்களின் காகிதங்களிலிருந்து வேறென்ன கிடைக்கும்? ஆனாலும் மதுரை முற்றுகை விவரங்களுக்கு அதுதான் கதி.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? விலை கட்டுப்படியாகாதே. (பலர்)

நெல்சன், ஹில் போன்ற காப்புரிமை தீர்ந்த பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புதியவற்றுக்கு முதலில் நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். குறிப்புதவிப் பிரிவு நூல்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள். நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.