மேக்கிலிருந்து சர்வருக்கு ஆர்சிங்க் செய்தால் தமிழ்ப் பெயர்க் கோப்புகள் மட்டும் இரட்டிப்பாவது ஏன்?

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்து ஒத்திசைக்கும் நிரல்தான் ஆர்சிங்க். அதை ஓட்டியபின் 'கோவில்.ஜேபிஜி' லினக்ஸ் சர்வரில் இரண்டாகத் தெரிந்தால், இரண்டு பெயர்களும் உள்ளே வேறு வேறு. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் 'கோ'வின் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு எப்போதும் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றுதான், ஆர்சிங்க்குக்கு அவை இரண்டு கோப்புகள். இப்படிப் பிரியும் குறி இல்லாத 'கல்', 'மரம்' போன்ற பெயர்களுக்கு இந்தத் தொல்லையே வராது.

சரி, தீர்வு: மேக்கில் ஆர்சிங்க்கை இயக்கும்போது பெயர்களின் குறியீட்டை மாற்றித்தரும் ஐகான்வ் ஆப்ஷனில் முதலில் யுடிஎஃப்-8-மேக் (மேக்கின் பிரித்த வடிவம்), காற்புள்ளி, அப்புறம் யுடிஎஃப்-8 (சர்வருக்கான வடிவம்) கொடுங்கள். இதற்கு ஆர்சிங்க்கின் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பழைய மேக்குகளோடு வந்த 2.6.9-இல் இந்த வசதி கிடையாது. மேக்கில் இல்லாத கோப்புகளைச் சர்வரில் அழிக்கும் டெலீட் ஆப்ஷனும் சேர்த்தால், தயவுசெய்து முதலில் டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டிப் பாருங்கள்.