மூட் ஸ்டெபிலைசர் (மனநிலையைச் சீராக வைக்கும்) மாத்திரைகள்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 15 வயது மகனுக்கு பைபோலார் (மனநிலை மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் மாறும் நோய்). லித்தியம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. ரத்தப் பரிசோதனைக்குக் காலை மாத்திரை கொடுத்துவிட்டு அழைத்துப் போகலாமா?

பதில்: வேண்டாம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு எட்டரைக்குப் போட்டால் காலை எட்டரைக்கு லேபில் இருங்கள். காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் எடுத்ததும் கொடுக்கலாம். மாத்திரை போட்ட சூட்டோடு எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்தால் நோய் தலைதூக்கும். பொதுவாக எதிர்பார்ப்பது லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல். தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனைகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடாமல் பாருங்கள்.

கேள்வி: என் மகளும் லித்தியம் எடுக்கிறாள். நேற்றிலிருந்து வாந்தி, பேதி. மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: அடுத்த வேளைக்கு முன் டாக்டருக்கு போன் செய்யுங்கள். பெரும்பாலும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். கை நடுக்கம் அதிகமானாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ போனெல்லாம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம், காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். மெடிக்கலில் பொதுவாகக் கேட்டால் இரண்டும் கலந்த மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

கேள்வி: 16 வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு இன்னும் காலம் இருக்கிறதே, கர்ப்பத்தைப் பற்றி ஏன் இப்போதே பேச வேண்டும்?

பதில்: பேசித்தான் ஆக வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த மருந்து எடுத்தால், 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் வருகிறது. பிரிட்டனில் 2024 முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புதிதாகத் தொடங்க இரண்டு நிபுணர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இது போக, மாதவிடாய் தள்ளிப்போவது, எடை கூடுவதும் உண்டு. வளரும் பெண்ணுக்கு இதை முதல் மருந்தாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: லாமோட்ரிஜின் தொடங்கி மூன்றாவது வாரம். மார்பில் லேசான தடிப்பு. வேர்க்குருவாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம், ஆனால் இந்த மருந்தால் வந்த தடிப்பாகவும் இருக்கலாம், அதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் இன்றே காட்டுங்கள். வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல் சேர்ந்தால் பெரிய மருத்துவமனைக்கே போங்கள்.