அபராதம் கட்டிவிட்டால் முடிந்துவிடாது

டீக்கடை பெஞ்சில் கிடந்த 12,000 ரூபாய் கைப்பேசியை எடுத்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடும்படி உங்கள் தம்பியிடம் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்ட விடாதீர்கள், சகோதரி. அபராதமும் தண்டனைதான். அவன் ஆசைப்படும் கப்பல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தீர்ப்பு குறுக்கே வந்து நிற்கும்.

கைப்பேசி திரும்பக் கிடைத்துவிட்டதால், முதலில் அதன் உரிமையாளரைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2), அதாவது சாதாரணத் திருட்டு என்றால், அவர் சமரசம் செய்துகொள்ளலாம். அது விடுதலைக்குச் சமம். வேறு பிரிவு போட்டிருந்தால் கணக்கே மாறிவிடும், குற்றப்பத்திரிகையைப் படித்துவிடுங்கள்.

அவர் இறங்கி வராவிட்டால், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. 6-ஆவது பிரிவின்படி, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும். சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டால், தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை 12-ஆவது பிரிவு நீக்குகிறது. ஆனால் தண்டனை சொல்லும் நாளின் வயதுதான் கணக்கு என்று ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இலேயே சொல்லிவிட்டது. தம்பிக்குத் தை மாதம் 21 முடிகிறது என்கிறீர்கள்; வாய்தா வாங்கி இழுக்காதீர்கள்.

ராயபுரத்தில் நான் நடத்திய ஒரு வழக்கில், அலுவலர் வீட்டுக்குப் போனபோது பையன் வாசற்படியில் அப்பாவின் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அறிக்கையில் இருந்த அந்த வரியை நீதிபதி இரண்டு முறை வாசித்தார். அலுவலரிடம் காட்ட, தம்பியின் மாற்றுச் சான்றிதழையும் பயிற்சிச் சான்றிதழையும் இன்றே எடுத்து வையுங்கள்.