கையால் சுற்றிய பாட்டு

அன்புள்ள சார்,

உங்கள் யாழ்ப்பாண நினைவுக் கட்டுரையைப் படித்தேன். நான் மதுரைக்காரன். எனக்கு 'இளைய நிலா' என்றால் டீக்கடையும் காலேஜ் பஸ்ஸும்தான். நீங்களோ அந்தப் பாட்டைப் போருக்கு நடுவில் கேட்டதாக எழுதுகிறீர்கள். அது 1982-இல் வந்தது. நீங்கள் சொல்லும் போர் தொண்ணூறுகளில் நடந்தது. ஞாபகம் குழம்பிவிட்டதா? அப்புறம், குண்டு விழுகிற ஊரில் சினிமாப் பாட்டு கேட்க மனம் வருமா? தவறாக நினைக்க வேண்டாம்.

ம., மதுரை

அன்புள்ள ம.,

தவறாக நினைக்கவில்லை. குழம்பவும் இல்லை. உங்கள் ஊரில் ஒரு பாட்டுக்கு வயதானதும் அடுத்தது வந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்தவை ஏழு கசெற். எல்லாம் சண்டைக்கு முன் சித்தப்பா வாங்கியவை. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் எட்டாவது வரவில்லை.

மின்சாரம் போய்விட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று அரசு தடைசெய்த பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சித்தப்பா பழைய சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரைக் கசெற் ரேடியோவுக்குக் கொடுத்தார். டைனமோ 6 வோல்ட், நாலு பற்றரி போடும் ரேடியோவுக்கும் 6 வோல்ட். நடுவில் ஒரு டயோடு வைத்தால்தான் ரேடியோ வேலை செய்யும், கண்டென்சரும் வைத்தால் இரைச்சல் குறையும். பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை சோர்ந்தால் எஸ்.பி.பி.யின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். எரிச்சலில் வேகமாகச் சுற்றினால் சின்னப் பிள்ளைபோலப் பாடுவார். கசெற்றைப் பின்னோக்கி ஓட்ட டைனமோவைத் தொடக்கூடாது. அதைப் பென்சிலால் சுற்றுவது தங்கையின் வேலை.

செய்திக்குத்தான் முதலிடம். இரவில் பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி. அது முடிந்து, சுற்றியவன் கையில் தெம்பு மிச்சமிருந்தால் ஒரேயொரு பாட்டு. எந்தப் பாட்டு என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்த சண்டை தனி.

மனம் வருமா என்று கேட்டீர்கள். ஷெல் விழும்போது பதுங்குகுழிக்குள் இருந்தோம், அங்கே பாட்டு இல்லை. மற்ற நேரமெல்லாம் என்ன செய்வது? பதினொரு வயதில் ஒரு பின்னேரம் எவ்வளவு நீளம் தெரியுமா! ஆறுதலுக்காகக் கேட்டோம் என்று நான் எழுதினால் அது இப்போது சேர்த்த சோடனை. பிடித்திருந்தது, கேட்டோம்.

எண்பதுகளின் தொடக்கத்தை நிம்மதியான காலமாகவே எல்லாரும் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படிப் பேச முடியாது. யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981-இல். 'இளைய நிலா' இருக்கும் 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்த அடுத்த வருடம் தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம். அந்தப் பாட்டின் கிற்றார் இரண்டுக்கும் நடுவில் ஒலித்ததுதான்.

தெருவில் ஒலிபெருக்கி கட்டிப் புலிகளின் இயக்கப் பாடல்கள் போடுவார்கள். அவற்றிலும் பல சினிமாப் பாடகர்கள் பாடியவை. குரலை அடையாளம் கண்ட அம்மம்மா, "இது எந்தப் படம்?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்கமாட்டோம்.

படம் என்றதும் நினைவு வருகிறது. டிவி, டெக் என்கிற வீடியோப் பெட்டி, ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, ஒரே இரவில் மூன்று படம் போடுவார்கள். மூன்றாவது படத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். நான் முடிவு பார்க்காத படங்கள் பல. கனடா வந்தபிறகு சிலதைத் தேடிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

'இளைய நிலா' கசெற் ஒருநாள் சிக்கி அறுந்தது. சித்தப்பா கசங்கிய துண்டை வெட்டியெறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் செலோரேப்பால் ஒட்டினார். அதன்பிறகு இரண்டாவது சரணத்தில் ஒரு வரி இல்லை. அரை நொடி மௌனம், அடுத்த வரி. 1995 அக்டோபர் இறுதியில் ராணுவம் நெருங்கி, எல்லாரும் ஊரை விட்டுக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அரிசியும் பாயும்தான் சைக்கிளில் ஏறின. கசெற்றுகள் விறாந்தையிலேயே கிடந்தன.

கொழும்பில் வளர்ந்த என் மனைவி, அந்தப் பாட்டில் ஒரு வரியை நான் விழுங்கிவிட்டுப் பாடுவதாக இன்றைக்கும் திருத்துகிறார்.