கைவினை கேள்வி–பதில்: வெட்டும் இயந்திரத்துக்காக வரையக் கற்பது

கேள்வி: சீர்வரிசைத் தட்டுகளும் கொலு அலங்காரமும் செய்து கொடுப்பது என் தொழில். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் தீபாவளிக்கு வந்தபோது காகிதம் வெட்டும் மின்னணு இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். ஒன்றரை மாதமாகக் காணொளிகளைப் பார்த்து வருகிறேன். பொத்தான்களின் பெயரெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் பிறர் வரைந்த படத்தை இறக்கி வெட்டுவதைத் தவிர, நானாக ஒன்றையும் உருவாக்க முடியவில்லை. எந்த மென்பொருளை எந்த வரிசையில் கற்க வேண்டும்? ஐம்பது வயதுக்கு மேல் இது கைக்கு வருமா?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கட்டாயம் வரும். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்கள் மற்றவர்களைவிட விரைவாகவே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை என்னிடம் கற்றவர்களைப் பார்த்து அறிந்திருக்கிறேன். தங்களுடைய தடை வயதால் வந்ததன்று; பொத்தான்களிலிருந்து தொடங்கியதால் வந்தது.

திரையில் நமக்குத் தெரியும் வண்ணமும் நிழலும் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. கத்தி எங்கே இறங்க வேண்டும், எந்த வளைவில் திரும்ப வேண்டும், எங்கே எழ வேண்டும் என்ற வழி மட்டுமே அதற்கு வேண்டும். அந்த வழியைத்தான் மென்பொருள்கள் ‘பாத்’ என்று அழைக்கின்றன. கைப்பேசியில் எடுத்த புகைப்படம் நிறப்புள்ளிகளின் கூட்டம் என்பதால் அதில் வழி எதுவும் இல்லை, எஸ்.வி.ஜி., டி.எக்ஸ்.எஃப். வகைக் கோப்புகளில் இருப்பவை வழிகள். இந்த வேறுபாடு மனத்தில் பதியாதவரை நூறு காணொளிகள் பார்த்தாலும் குழப்பம் தீராது.

இதைக் கண்ணால் கண்டு கொள்வதற்காகவே, முதலில் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளைக் கற்கும்படி சொல்கிறேன். 2003 முதல் வளர்ந்து வரும் இந்தத் திறந்தமூல மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். அதன் ‘வியூ’ பட்டியில் ‘டிஸ்ப்ளே மோடு’ என்ற பிரிவுக்குள் ‘அவுட்லைன்’ என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் வண்ணமும் தடிமனும் மறைந்து, மயிரிழைக் கோடுகள் மட்டும் மிஞ்சும். கத்தியின் கண்ணுக்குத் தெரிவது அதுதான். எதை வரைந்தாலும், வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை இந்தக் காட்சியில் பார்த்துவிடுவது என்ற பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். தங்கள் வாசலில் போடும் 5 புள்ளி, 5 வரிசை நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புள்ளிக்குப் புள்ளி 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, புள்ளிகளைச் சுற்றி வளையும் கோட்டை 3 மில்லிமீட்டர் தடிமனில் வரையுங்கள். நான்கு பக்கமும் ஒத்திருக்கும் கோலமாக இருந்தால் கால் பகுதியை மட்டும் வரைந்து, நகலெடுத்து, 90 பாகை வீதம் திருப்பிப் பொருத்தலாம். இப்போது ‘அவுட்லைன்’ காட்சிக்கு மாறினால், பட்டை போலத் தெரிந்த கோடு ஒற்றை இழையாக மெலிந்திருப்பதைக் காண்பீர்கள். இந்த நிலையிலேயே வெட்டினால் கத்தி அந்த இழை மீது ஓடி, கோலத்தின் உள்ளிருக்கும் இதழ்களையெல்லாம் தனித்தனித் துண்டுகளாக உதிர்த்துவிடும்.

ஆகவே அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து, ‘பாத்’ பட்டியில் உள்ள ‘ஸ்ட்ரோக் டு பாத்’ என்பதை அழுத்துங்கள். ஒற்றை இழை, பட்டையின் இரு கரைகளாக மாறும். ஆனாலும் வேலை முடியவில்லை. சிக்குக் கோலத்தில் கோடு தன்னையே பலமுறை குறுக்கே கடக்கிறது. அந்த ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பட்டையின் கரை மற்றொரு பட்டையை அறுத்துச் செல்லும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘யூனியன்’ கொடுத்தால், சந்திப்புகளின் உட்கோடுகள் அழிந்து, கோலம் முழுவதும் ஒரே பின்னலாகிவிடும். புள்ளிகள் பட்டையைத் தொடாமல் தனித்து நிற்பதால் அவற்றை நீக்கிவிடுங்கள். வேண்டுமானால் தனியே வெட்டிப் பின்னர் ஒட்டிக்கொள்ளலாம். பிறகு சார்ட் அட்டையில் வெட்டிப் பாருங்கள்.

இந்த ஒரு கோலம் பிழையின்றி வரும்வரை வேறு பாடத்துக்குப் போக வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். வழி, தடிமன், கரை, இணைப்பு என்ற நான்கும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. தாம்பாளத்துக்கு வேண்டிய மாங்காய் வடிவமும் கொலுப்படிக்கு வேண்டிய தோரணமும் இவற்றின் வேறு வேறு சேர்க்கைகளே.

வரைந்ததை இயந்திரத்துக்கு அனுப்ப, அதற்குரிய மென்பொருள் தேவைப்படும். தங்களுடைய இயந்திரம் எது என்று எழுதவில்லை. கிரிகட் என்றால் அதற்குரியது டிசைன் ஸ்பேஸ், அது எஸ்.வி.ஜி. கோப்பை நேரடியாக ஏற்கும். சில்ஹவுட் என்றால் சில்ஹவுட் ஸ்டுடியோ. அதன் கட்டணமில்லா அடிப்படைப் பதிப்பு எஸ்.வி.ஜி. கோப்பைத் திறக்காது, ஆனால் டி.எக்ஸ்.எஃப். கோப்பைத் திறக்கும். இங்க்ஸ்கேப்பிலிருந்து அதே படத்தை டி.எக்ஸ்.எஃப். ஆகவும் சேமிக்க முடியும் என்பதால், இதற்காக மட்டும் உயர்பதிப்பை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

டிசைன் ஸ்பேஸில் தொடங்குபவர்கள் எல்லோரும் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. திரையில் அழகாக அடுக்கி வைத்த வடிவங்களை, வெட்டும் நேரத்தில் அது தாள் மிச்சமாகும்படி இடம் மாற்றி அடுக்கிவிடும். வைத்தது வைத்தபடியே வெட்டப்பட வேண்டுமென்றால், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘அட்டாச்’ கொடுக்க வேண்டும்.

அளவையும் கவனியுங்கள். ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி என்று இங்க்ஸ்கேப் கணக்கிடுகிறது. 72 புள்ளி என்று கணக்கிடும் மென்பொருள்களும் உள்ளன. ஒன்றில் 100 மில்லிமீட்டராக வரைந்தது மற்றொன்றில் 75 மில்லிமீட்டராகத் திறப்பது இதனால்தான். நான் கற்கத் தொடங்கிய காலத்தில், ஒரு திருமணத்துக்காக 60 பெயரட்டைகளை இப்படி முக்கால் அளவில் வெட்டி, அட்டை முழுவதும் வீணாகி, இரவோடு இரவாக மறுபடியும் வெட்ட நேர்ந்தது. அன்று முதல் ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து வைத்து, இயந்திரத்தின் மென்பொருளில் திறந்ததும் முதலில் அதைத்தான் அளந்து பார்க்கிறேன். சரியாக இருந்தால் சதுரத்தை நீக்கிவிட்டு வெட்டலாம்.

கேள்வி: பிறந்தநாள் கேக்கின் மேல் செருகும் பெயர்களை வெட்டி விற்கிறேன். ஆங்கிலப் பெயர்கள் சங்கிலி போல அழகாக வருகின்றன. தமிழில் ‘கயல்விழி’ என்று அடித்தால் எழுத்துகள் தனித்தனியாக விழுகின்றன. புள்ளி காணாமலே போய்விடுகிறது. ‘வெல்ட்’ கொடுத்தும் பயனில்லை. என்ன செய்வது?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ‘வெல்ட்’ என்பது ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் வடிவங்களைத்தான் இணைக்கும், விலகி நிற்பவற்றை இழுத்து வந்து ஒட்டாது. ஆங்கிலக் கூட்டெழுத்துக்கென வடிவமைத்த எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்தின் வாலும் அடுத்த எழுத்தைத் தொடுகிறது. தமிழ் அச்செழுத்தோ ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் இயல்புடையது. ஆகவே தொடர்பை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

எழுத்துகளின் இடைவெளியை அவை ஒன்றையொன்று சற்றே தொடும்வரை குறைப்பது ஒரு வழி. தொட வேண்டிய இடத்தில் தொடாத எழுத்துகளுக்கு, அடியில் 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை ஓடவிட்டு எல்லாவற்றையும் இணைப்பது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது மூன்றாவது: பெயர் முழுவதையும் சுற்றி 3 அல்லது 4 மில்லிமீட்டர் விரிந்த நிழல் வடிவம் ஒன்றை உருவாக்கி, வேறு நிற அட்டையில் அதை அடித்தளமாக வெட்டி, எழுத்துகளை அதன்மேல் ஒட்டுவது. சில்ஹவுட் ஸ்டுடியோவிலும் டிசைன் ஸ்பேஸிலும் இதற்கு ‘ஆஃப்செட்’ என்ற கருவி உள்ளது; இங்க்ஸ்கேப்பில் ‘பாத்’ பட்டியில் ‘அவுட்செட்’ என்று இருக்கும். ‘ல்’ மேலுள்ள புள்ளியும் அந்த நிழலுக்குள் அடங்கிவிடுவதால் தொலையாது, எழுத்தின் வடிவமும் சிதையாது. தமிழ் எழுத்தை நெருக்கி நசுக்கி ஆங்கிலக் கூட்டெழுத்தைப் போலாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். யூனிகோடில் அடித்தால், எழுத்து வடிவங்களைச் சரியாகக் கோக்காத மென்பொருளில் ‘கொ’, ‘கை’ போன்றவற்றின் கொம்புகள் இடம் மாறி நிற்கக்கூடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு எழுத்துருவில் பெயரை அடித்து, சரி பார்த்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்துவிட்டால், அது எழுத்தாக இல்லாமல் வடிவமாகிவிடும். பிறகு எங்கே திறந்தாலும் மாறாது. ஆனால் பெயரில் பிழையிருந்தால் திருத்த முடியாது என்பதால், மாற்றாத நகல் ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

பெயரைச் சுவரில் வண்ணம் பூசும் ஸ்டென்சிலாக வெட்டும்போது சிக்கல் தலைகீழாகும். அங்கே எழுத்துதான் ஓட்டை. அ, வ போன்றவற்றின் மூடிய சுழிக்குள் இருக்கும் பகுதி தாங்குவாரின்றி விழுந்துவிடும். மூன்று சுழி ‘ண’ என்கிறோமே, அதிலும் பெரும்பாலான எழுத்துருக்களில் முதற்சுழி மட்டுமே மூடியது, மற்றவை வளைவுகள். மூடிய சுழி ஒவ்வொன்றையும் குறுக்கே கடக்கும்படி 2 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை வைத்து, ‘டிஃபரன்ஸ்’ கொடுத்து எழுத்திலிருந்து கழித்தால், உட்பகுதியைத் தாங்கும் பாலம் கிடைக்கும்.

கேள்வி: என் மாணவிகள் தாளில் வரைந்த கோலத்தைப் படமெடுத்து, ‘டிரேஸ்’ செய்து (அதாவது, படத்திலுள்ள கோடுகளை மென்பொருளே வழிகளாக மாற்றும்படி செய்து) வெட்டக் கொடுத்தேன். கத்தி நடுங்கி நடுங்கி ஓடியதோடு, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை வெட்டியது. இயந்திரத்தில் பழுதா?
— ஆசிரியை, வில்லியனூர்

பதில்: பழுதில்லை. பேனாக் கோட்டுக்கும் இரு கரைகள் உண்டு. ‘டிரேஸ்’ அவ்விரண்டையும் பின்பற்றியிருக்கிறது. கோட்டின் நடுவை மட்டும் பின்பற்ற, இங்க்ஸ்கேப்பின் ‘டிரேஸ் பிட்மேப்’ கருவியில் ‘சென்டர்லைன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு முதல் பதிலில் சொன்னபடி தடிமன் கொடுத்துக் கரையாக்குங்கள். நடுக்கத்துக்குக் காரணம், தாளின் சொரசொரப்பும் நிழலும் சேர்ந்து வழியில் தேவையில்லாத நூற்றுக்கணக்கான கணுக்களை, அதாவது கோடு திரும்பும் புள்ளிகளை, உண்டாக்கியதுதான். அவற்றைக் குறைக்கும் ‘சிம்ப்ளிஃபை’ ஒருமுறை, தேவைப்பட்டால் இன்னொருமுறை. அதற்கு மேல் கொடுத்தால் கோலத்தின் வளைவே மாறிவிடும். வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படமெடுத்தால் பாதிச் சிக்கல் அப்போதே தீரும்.

கேள்வி: ரேடியம் ஸ்டிக்கர் கடையில் ஆறு ஆண்டுகளாக கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளில் வேலை செய்கிறேன். வீட்டில் சிறிய இயந்திரம் வாங்கினால் எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டுமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். தாங்கள் நாள்தோறும் செய்யும் ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’தான் இங்க்ஸ்கேப்பின் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’. கோரலின் ‘வெல்ட்’தான் அங்கே ‘யூனியன்’. கோரலிலேயே வரைந்து எஸ்.வி.ஜி. ஆகவோ டி.எக்ஸ்.எஃப். ஆகவோ அனுப்பலாம். புதிதாகப் பழக வேண்டியது, சுருளுக்குப் பதிலாக ‘மேட்’ எனப்படும் 12 அங்குலச் சதுர ஒட்டு விரிப்பில் வேலையைப் பிரித்து அடுக்குவது மட்டுமே.

கேள்வி: புதுச்சேரியில் கிடைக்கும் கைக்காகிதத்தில் நுண்ணிய வேலைப்பாடுகளை வெட்டும்போது மூலைகள் பிய்ந்து வருகின்றன. மென்பொருளில் ஏதேனும் மாற்ற முடியுமா?
— வாசகி, லாஸ்பேட்டை

பதில்: முடியும். அரவிந்தர் ஆசிரமத்தின் தொழிற்கூடம் 1959 முதல் செய்து வருவது போன்ற கைக்காகிதங்கள் பருத்தித் துணிக் கழிவிலிருந்து உருவாகின்றன. அந்த நீண்ட இழைகளே அவற்றின் அழகும் வலிமையும். ஆனால் கூர்மூலையில் கத்தி சட்டென்று திரும்பும்போது அறுபடாத இழையையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. இங்க்ஸ்கேப்பின் ‘பாத் எஃபெக்ட்ஸ்’ பகுதியில் உள்ள ‘கார்னர்ஸ்’ கொண்டு, உள்மூலைகளை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை வளைத்துவிடுங்கள். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே நிற்கும் பட்டை எங்கும் 2 மில்லிமீட்டருக்குக் குறையாதபடி வடிவத்தைத் திருத்துங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து, புதிய கத்தியால் இருமுறை வெட்டும்படி அமைத்து, தாளின் ஓரத்தில் ஒரு சதுரத்துக்குள் ஒரு முக்கோணத்தை வெட்டிப் பாருங்கள். முக்கோணத்தின் மூன்று மூலைகளும் பிசிறின்றிக் கழன்று வந்தால் முழு வடிவத்தையும் அனுப்பலாம். ஒன்றில் பிசிறு தெரிந்தாலும் அந்த வளைவை இன்னும் கால் மில்லிமீட்டர் கூட்டிவிட்டு மீண்டும் சோதியுங்கள்.